பொம்பளைத் தலைவருக்கு செக் பவர் (ஊராட்சிப் பணத்தை எடுக்கற கையெழுத்து அதிகாரம்) கையில நிக்கோணும்னா என்ன பண்ணோணுமுங்க?

நொய்யல்கரை:

வணக்கமுங்க. காங்கேயம் பக்கத்துல ஒன்பது வார்டு ஊராட்சி. மகளிர் குழுக் கூட்டமைப்புல கணக்கு எழுதற அக்கா ஒருத்தரை அடுத்த தேர்தல்ல தலைவருக்கு நிக்க வைக்கலாம்னு குழுக்காரங்க பேசிட்டிருக்காங்க. பத்தாவது படிச்சவங்க, பேங்க் வேலையெல்லாம் தனியாவே பார்ப்பாங்க. ஊருக்குள்ள என்ன சொல்றாங்கன்னா, "அம்மணி நிக்கட்டும், மத்ததை வூட்டுக்காரர் பார்த்துக்குவாரு".

அந்த "மத்தது" என்னென்னன்னு தெரியோணும். வேட்புமனுவுல இருந்து பதவியேத்த முதல் ஆறு மாசம் வரைக்கும் எங்க சறுக்கும், எதையெல்லாம் அடுத்தவங்க கையில விடப்படாது? இன்னொண்ணு: உள்ளாட்சியில பொம்பளைங்களுக்கு 50 சதவீதம் ஒதுக்கீடு குடுத்தும் பல ஊர்ல இதே கதைதான்னா, மத்த நாட்டுல இதுக்கு என்ன வழி பண்ணியிருக்காங்க?

வெள்ளகோவில்_மணி:

தேர்தல் பக்கத்தை நான் சொல்லிடறேன், அது சின்ன வேலைதான். கணக்கெல்லாம் 2019 தேர்தலோடது. அடுத்த அறிவிப்புல தொகை மாறியிருந்தா அதையே எடுத்துக்கோங்க.

தலைவருக்கு டெபாசிட் 600 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 300. செலவு உச்சவரம்பு 34,000. வயசு 21 ஆகியிருக்கோணும். தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, ஒன்றியக் கவுன்சிலரும் மாவட்டக் கவுன்சிலரும்தான் கட்சி அடிப்படை.

பொம்பளைங்க மனு தள்ளுபடியாகறது பெரும்பாலும் சில்லறைக் காரணத்துக்குத்தான். கல்யாணமாகி வந்தவங்க பேரு பொறந்த ஊர்ப் பட்டியல்லயே கிடக்கும். உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலை வெச்சுத்தான் தயாராகுது. அதனால படிவம் 8 போட்டு இடம் மாத்தறதை இப்பவே முடிச்சுருங்க, அறிவிப்பு வந்த பொறகு ஓடி ஆகாது. அடுத்து இனிஷியல். வாக்காளர் பட்டியல்ல வூட்டுக்காரர் இனிஷியல் இருக்கும், சாதிச் சான்றுல அப்பா இனிஷியல் இருக்கும். ரிசர்வ் தொகுதின்னா பரிசீலனை மேசையில எதிராளி புடிக்கறது அதைத்தான். ரெண்டு இனிஷியலும் ஒரே ஆளோடதுன்னு காட்டற பள்ளிச் சான்று, ஆதார், குடும்ப அட்டை எல்லாம் ஒரே கவர்ல போட்டுக் கொண்டு போங்க.

வூட்டு வரி, தண்ணி வரி பாக்கியைக் கட்டி ரசீதை வாங்கி வெச்சுக்கோங்க, நோட்டீஸ் குடுத்தும் கட்டாத பாக்கி இருந்தா அதுவே தகுதிக் குறைவு ஆகும். ஊராட்சிகிட்ட நடப்புல ஒப்பந்தம் இருந்தாலும் அப்படித்தான். குழு பேர்ல ஊராட்சிக்கு ஏதாச்சும் சப்ளை நடக்குதான்னு ஒருக்கா பார்த்துக்கோங்க. முன்மொழியறவர் அதே ஊராட்சி வாக்காளரா இருக்கோணும்.

பிரச்சாரத்துக்கு நாள் கம்மி. போன தடவை வாபஸ் கடைசி நாள் டிசம்பர் 19, முதல் கட்ட ஓட்டு 27. சின்னம் கையில வந்து எட்டே நாள். மெஷின் இல்ல, ஓட்டுச்சீட்டு, அதுவும் ஆளுக்கு நாலு: வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். வயசானவங்க நாலு சீட்டையும் கையில வாங்குனதும் தடுமாறிப் போறாங்க, செல்லாத ஓட்டு அப்படித்தான் விழுகுது. "ரோஸ் சீட்டு, இந்தச் சின்னம்", இவ்வளவுதான் வாசல் வாசலாச் சொல்லோணும். கொள்கை பேசறதுக்கு கிராம சபை இருக்குது.

முடிவு வந்து 30 நாளுக்குள்ள செலவுக் கணக்கு குடுத்துருங்க, தோத்தாலும். குடுக்கலைன்னா மூணு வருசம் நிக்க முடியாது. தோத்த பொம்பளை வேட்பாளர்கள் அடுத்த தடவை காணாமப் போறதுக்கு இதுவும் ஒரு காரணம், யாரும் ஞாபகப்படுத்தறதில்லை.

கோயில்ல உக்காந்து பதவியை ஏலம் விட்டு "ஒருமனதா"த் தேர்வுன்னு வந்தாங்கன்னா ஒத்துக்காதீங்க. அது சட்டவிரோதம்கிறது ஒரு பக்கம். காசு கட்டினவர்தான் தலைவர், கையெழுத்துதான் அம்மணிதுன்னு அன்னிக்கே முடிவாயிரும்.

திண்ணை_கணக்கர்:

நொய்யல்கரை கேட்ட "மத்தது"க்கு வர்றேன். ஒரு ஊராட்சியில அதிகாரம் பேச்சுலயோ கார்லயோ இல்லைங்க. பணம் வெளிய போற கையெழுத்து, தீர்மானப் புத்தகம், துணைத் தலைவர், இந்த மூணு இடத்துலதான் இருக்குது.

கையெழுத்தை எடுத்துக்குவோம். ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 188 படி ஊராட்சி நிதியில இருந்து பணம் எடுக்க தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடோணும். முன்ன செக் புக். வூட்டுக்காரர் இருபது லீஃப்ல கையெழுத்து வாங்கி பீரோவுல வெச்சுக்குவாரு. இப்ப ஆன்லைன், டிஜிட்டல் கையெழுத்துச் சாவி, பென் டிரைவ் மாதிரி இருக்கும். சாவி வந்ததால பினாமி ஒழிஞ்சுரும்னு நினைச்சாங்க. சுலபமாத்தான் ஆயிருக்குது. சாவியும் பின் நம்பரும் வூட்டுக்காரர் சட்டைப் பையிலயோ ஊராட்சிச் செயலர் மேசை டிராயர்லயோ இருந்தாப் போதும், அந்த அம்மா கையெழுத்துக் கூடப் போட வேண்டியதில்லை, எவ்வளவு போச்சுன்னு அவங்களுக்குத் தெரியவும் தெரியாது.

அதனால சாவிக்கு விண்ணப்பிக்கும்போதே மொபைல் நம்பர் கட்டத்துல யாரு நம்பர் எழுதறாங்கன்னு பாருங்க. பெரும்பாலும் வூட்டுக்காரர் நம்பர்தான் போகும், "ஓ.டி.பி. வந்தா நான் சொல்றேன்"னு. அங்கேயே கதை முடிஞ்சுது. அக்கா பேர்ல தனி சிம், அந்த நம்பர்தான் விண்ணப்பத்துலயும் பேங்க்லயும் இருக்கோணும். பின் நம்பரை அவங்களே மாத்தோணும், செயலருக்குச் சொல்லப்படாது. பணம் போற நாள் வாரத்துல ஒரு நாள்னு வெச்சுக்கிட்டு, பில்லை முன்னால வெச்சு அவங்க கையால சாவியைச் செருகி அனுப்பட்டும்.

ஒரு பில்லை எப்படிப் பார்க்கறதுன்னு ஒரே உதாரணம் சொல்றேன், நம்ம பக்கம் அடிக்கடி வர்றது: போர்வெல் மோட்டார் காயில் எரிஞ்சு ரீவைண்டிங். எந்தப் போர், எத்தனை ஹெச்.பி., போன தடவை எப்பக் கட்டுனது, இது மூணும் தேதியோட ஒரு நோட்டுல இருக்கோணும். டேங்க் ஆபரேட்டர் எந்த நாள் மோட்டார் நின்னுச்சுன்னு கையெழுத்துப் போட்டிருக்கோணும். எரிஞ்ச பழைய தாமிரக் கம்பி எடை போட்டு திரும்ப வந்ததா, இல்ல பில்லுல கழிச்சிருக்கானு பாருங்க. ஒரே மோட்டார் மூணு மாசத்துக்கு ஒருக்கா எரியுதுன்னா, ஒண்ணு வோல்டேஜ் பிரச்சினை, இல்ல பில்லுதான் எரியுது. தெருவிளக்குக்கும் இதேதான், கம்பத்துக்கு நம்பர் போட்டு வெச்சாப் போதும், "எல்.இ.டி. 12"னு மொட்டையா வர்ற பில் நின்னுரும்.

ஏன் இவ்வளவு கறார்னா, தணிக்கைத் தடை (இந்தச் செலவை ஏத்துக்க முடியாதுன்னு தணிக்கையில எழுதறது) வரும்போது பேரு கையெழுத்துக்காரருது. வசூலிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தா அம்மணி பேர்லதான் வரும், வூட்டுக்காரர் பேர்ல வராது.

தீர்மானப் புத்தகத்துல வெறும் பக்கம் விடப்படாது. கூட்டம் முடிஞ்சதும் கடைசி வரிக்குக் கீழ கோடு கிழிச்சு அங்கேயே தேதியோட கையெழுத்து. "அப்பறம் எழுதிக்கறேன்"னு செயலர் கொண்டு போனா, பேசாத விசயம் ஒண்ணு நடுவுல வந்து உக்காந்துக்கும். பதவியேத்த முதல் வாரமே ரொக்கப் புத்தகம், பேங்க் இருப்பு, வரிக் கேட்புப் பதிவேடு, ரசீதுப் புத்தகம் எத்தனை, மின்கட்டண பாக்கி, குடிநீர் வாரிய பாக்கி எல்லாத்தையும் எழுதி வாங்கோணும். 2025 ஜனவரி 5ஓட நம்ம மாவட்டங்கள்ல பழைய மன்றத்தோட காலம் முடிஞ்சு தனி அலுவலர் கைக்குப் போயிருச்சு. அந்த இடைவெளியில நடந்த செலவு அடுத்து வர்ற தலைவர் தலையில விழுகாம இருக்கறதுக்கு இந்தப் பட்டியல் ஒண்ணுதான் காப்பு.

கடைசியாத் துணைத் தலைவர். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவருக்குக் கிடையாது. அவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கறாங்க. அதனால பொம்பளை தலைவரா வந்த ஊர்ல, நிக்க முடியாமப் போன பழைய தலைவரோ அவர் ஆளோ வார்டுல ஜெயிச்சு துணைத் தலைவரா வந்து உக்காந்துக்குவாரு. ரெண்டாவது கையெழுத்து அவருது. தூய்மைக் காவலர் சம்பளத்துல இருந்து எல்லாம் நின்னு போகும், ஊர் தலைவரைத் திட்டும். அதனால தலைவர் ஓட்டுக்கு அலையற மாதிரியே வார்டுக்கும் ஆள் நிறுத்துங்க. ஒன்பது வார்டுல பாதியாவது பொம்பளைங்களுக்கு ஒதுக்கீடா வரும், அதுல நாலு பேர் குழுக்காரங்களா இருந்தா போதும். ஏன் நாலுன்னா, பிரிவு 205ல தலைவர் மேல கலெக்டருக்குப் புகார் போட மூணுல ரெண்டு பங்கு உறுப்பினர் கையெழுத்து வேணும். நாலு பேர் பிரியாம நின்னா அந்தக் கணக்கு சேராது. துணைத் தலைவர் வேணும்னே கையெழுத்துப் போடலைன்னா வாய்ச்சண்டை வேண்டாம். எந்தத் தேதி எந்த பில் வெச்சேன்னு எழுத்துல குடுத்து நகலை பி.டி.ஓ.வுக்கும் (வட்டார வளர்ச்சி அலுவலர்) கலெக்டருக்கும் அனுப்புங்க. பிரிவு 203ல மாத்து ஏற்பாடு பண்றதுக்கு கலெக்டருக்கு அதிகாரம் இருக்குது. ஆனா அதே பிரிவுல தலைவரோட செக் பவரையும் நிறுத்தி வைப்பாங்க, அதனால உங்க பக்கம் காகிதம் சுத்தமா இருக்கோணும்.

பவானி_ஆத்தங்கரை:

திண்ணை அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்க்கறேன். அந்த ஊராட்சி ஆதிதிராவிடர் பெண்களுக்கு ஒதுக்கீடா வந்தா நிலைமையே வேற. நாற்காலி குடுக்காம நிக்க வெக்கிறது, கொடியேத்த விடாம "பெரியவங்க ஏத்தட்டும்"னு சொல்றது, ஆபீஸ் சாவியைக் குடுக்காம இருக்கறது, இதெல்லாம் வெறும் மரியாதைக் குறைவுன்னு விட்டுராதீங்க. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)(எம்), ஊராட்சிப் பொறுப்புல இருக்கற ஆதிதிராவிடர், பழங்குடியினரோட பணியைத் தடுத்தா குற்றம்னு தனியாவே சொல்லுது. வேட்புமனு போடவிடாமத் தடுத்தா அதுக்கு முன்னால இருக்கற (எல்) பிரிவு. போலீஸ்ல குடுக்கற புகார் மனுவுல சம்பவத்தை மட்டும் எழுதாம இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்க. இல்லைன்னா வழக்குப் பதியாம, புகார் வாங்குனதுக்குக் குடுக்கற சி.எஸ்.ஆர். ரசீதோட "ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கோங்க"ன்னு அனுப்பிருவாங்க.

மஞ்சள்மண்டி:

வெளிநாட்டுக் கேள்விக்கு நான். இந்த "வூட்டுக்காரர் பார்த்துக்குவாரு" நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லீங்க.

மெக்சிகோவுல 2009 தேர்தல்ல கட்சிகள் ஒதுக்கீட்டுக்காக பொம்பளைங்களை நிறுத்துச்சு. அங்க ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மாற்று ஆள் உண்டு. ஜெயிச்ச பெண்கள்ல சிலர் நாடாளுமன்றம் கூடுன கொஞ்ச நாள்லயே விடுப்பு கேட்டு விலகுனாங்க, மாற்று ஆளா இருந்த ஆம்பளைங்க வந்து உக்காந்தாங்க. "ஹுவானிட்டா"ன்னு அதுக்குப் பேரே வந்துச்சு. அதுக்கு அவங்க யாருக்கும் புத்தி சொல்லிட்டிருக்கல. 2011ல தேர்தல் தீர்ப்பாயம், பெண் வேட்பாளருக்கு மாற்றும் பெண்ணாத்தான் இருக்கோணும்னு சொல்லிருச்சு. ஓட்டை அடைஞ்சுது. 2021ல கீழவையில கிட்டத்தட்டப் பாதி பேர் பெண்கள். நம்ம சட்டத்துல அதுக்குச் சமமான ஓட்டை, திண்ணை அண்ணா சொன்ன அந்த ஒதுக்கீடு இல்லாத துணைத் தலைவர் பதவிதான்னு எனக்குப் படுது.

நேபாளத்துல தலைகீழ். மேயர், துணை மேயர் ரெண்டு பேர்ல ஒருத்தரைப் பெண்ணா நிறுத்தோணும்னு கட்சிகளுக்கு விதி. 2017ல கட்சிகள் மேயருக்கு ஆம்பளை, துணைக்குப் பொம்பளைன்னு நிறுத்திட்டாங்க. ஆனா துணை மேயருக்கு நீதிக் குழுத் தலைமைன்னு சட்டத்துலயே ஒரு வேலை இருந்ததால அந்தப் பதவி வெத்து நாற்காலியா ஆகலை. பிரான்ஸ்ல 2000ல சமநிலைச் சட்டம் வந்தப்ப பெரிய கட்சிகள் அபராதம் கட்டிட்டு ஆம்பளைங்களையே நிறுத்துச்சு. 2015ல மாவட்ட மன்றத் தேர்தலுக்கு ஒரு ஆண், ஒரு பெண் ஜோடியாத்தான் நிக்கோணும்னு மாத்துனாங்க. அபராதத்துக்கு அசையாதவங்க அதுக்கு அசைஞ்சாங்க. ருவாண்டாவுல கீழவை 80 இடத்துல 24 பெண்களுக்குன்னே தனி, 2024ல மொத்தம் 51 பேர் வந்தாங்க.

நம்ம சட்டமன்றத்துல 2021ல 234க்கு 12 பெண்கள். பெண்களுக்கு மூணுல ஒரு பங்கு ஒதுக்கறதுக்கு 2023ல நிறைவேறுன 106வது அரசியல் சட்டத் திருத்தம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை ரெண்டும் முடிஞ்ச பொறகுதான் அமலுக்கு வரும். அதனால ஆளு தயாராகற இடம் இப்போதைக்கு ஊராட்சிதான்.

தலைவி வந்தா என்ன மாறும்னு கேக்கறவங்களுக்கு: பொருளாதார ஆய்வாளர்கள் சட்டோபாத்யாயும் எஸ்தர் டஃப்லோவும் 2004ல வெளியிட்ட ஆய்வு மேற்கு வங்கத்துல பிர்பூமையும் ராஜஸ்தான்ல உதய்ப்பூரையும் பார்த்துச்சு. ரெண்டு இடத்துலயும் பெண் தலைவர் இருந்த ஊராட்சிகள்ல குடிநீருக்குச் செலவு கூடியிருந்துச்சு. ரோட்டுக்கு வங்கத்துல கூடுச்சு, ராஜஸ்தான்ல கூடலை. அந்தந்த ஊர்ப் பொம்பளைங்க எதைப் பத்திப் புகார் சொன்னாங்களோ அதுக்குத்தான் காசு போயிருக்குது.

நொய்யல்கரை:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இப்ப தேர்தலுக்கு முன்னாடி, பதவி இல்லாம அக்கா என்ன பண்ண முடியும்? அப்பறம் அந்த சிம் விசயம், வூட்டுக்காரர் சங்கடப்படுவாருன்னு குழுவுல ஒருத்தர் சொல்றாங்க.

திண்ணை_கணக்கர்:

கிராம சபை வருசத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 501ல இருந்து 3,000 வரைன்னா கோரம் (சபை செல்லறதுக்குக் குறைஞ்சது வரவேண்டிய ஆள்) 100 பேர், 10,000 வரைன்னா 200. குழுக்காரங்க மொத்தமா வந்தா பாதிக் கோரம் அவங்களே. அக்கா முதல் சபையில தலைவர் மாதிரிப் பேச வேண்டாம். வரவு செலவு அறிக்கையைப் படிக்கச் சொல்லிக் கேக்கட்டும், குடிநீர்க் கணக்குல ஒரே ஒரு கேள்வி. 2021-26க்கான பதினஞ்சாவது நிதிக்குழு மானியத்துல 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்டதா இருந்துச்சு, அது எதுக்குப் போச்சுன்னு கேட்டாப் போதும். பதிலைத் தீர்மானப் புத்தகத்துல ஏத்தச் சொல்லோணும். மூணு சபை இப்படிப் போனா, நோட்டுல என்னென்ன எங்க எழுதுவாங்கன்னு அக்காவுக்கே புடிபட்டுரும்.

சிம் விசயத்துல வூட்டுக்காரர்கிட்ட தணிக்கைத் தடை நோட்டீஸ் பத்திச் சொல்லுங்க, பின் நம்பர் தெரியாதவர் மேல யாரும் சந்தேகப்பட முடியாதுன்னு. அவருக்கும் அதுதான் நல்லது. கார் ஓட்டட்டும், கூட்டத்துக்கு நாற்காலி போடட்டும், மோட்டார்க் கடைக்குப் போய் மூணு இடத்துல விலை கேட்டுட்டு வரட்டும். கொட்டேசன்ல கையெழுத்து அக்காவுது.