ஹெசரகட்டா சாலைப் புல்தரையில் மரம் நடலாமா?

புளியாரை

பெங்களூர் ஹெசரகட்டா சாலையில் எங்கள் லேஅவுட்டை ஒட்டி நாலு ஏக்கர் கோமாளம் இருக்கிறது. நம் ஊரில் மேய்ச்சல் புறம்போக்கு என்போமே, அதுதான். வருகிற ஜூனில் அங்கே முந்நூறு மரக்கன்றுகள் நடுவதாகக் குடியிருப்போர் சங்கம் முடிவு செய்திருக்கிறது. பணம் ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி. நாற்பது குழிகள் தோண்டியாகிவிட்டது. நட வேண்டாம் என்று கூட்டத்தில் சொன்னேன். சிரித்தார்கள்.

காரணத்தை இங்கேயாவது முழுதாகச் சொல்லிவிடுகிறேன். கோடை மழை இரண்டு பெய்த பிறகு, போன ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அங்கே முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். நின்று பார்த்தால் அங்கே எதுவும் தெரியாது. நெருஞ்சிக்கும் காய்ந்த புல்லுக்கும் நடுவே, ஒரு சாண் உயரத்துக்கு மேல் எழும்பாமல் ஏதோ படபடத்தது. உட்கார்ந்ததும் இறகை மூடிக்கொண்டது. சாம்பல் நிறம், அதில் கரும்புள்ளிகள். பின்னிறகின் ஓரத்தில் மட்டும் ஆரஞ்சு விளிம்போடு சில கரும்பொட்டுகள், அவற்றில் நீலமும் பச்சையுமாக ஜிகினாத் துணுக்குகள். இறகை முழுதாக விரித்தாலும் இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். கிராஸ் ஜுவல் என்பார்கள். நீலன்கள் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் மேலிறகு பழுப்பு. இந்தியாவின் மிகச் சிறிய வண்ணத்துப்பூச்சிகளில் ஒன்று.

அது அவுரி இனச் செடிகளிலும் தேள்கொடுக்கு இனத்திலும் முட்டையிடும். அதன் உறவுக்காரப் புல் நீலன்களுக்கு நெருஞ்சி, புளியாரை, சிறுபுள்ளடி. எல்லாம் வெயில் தின்று வளர்கிற தரைச்செடிகள். மேலே நிழல் விழுந்தால் மூன்று நான்கு ஆண்டுகளில் அவை போய்விடும். இது அரிய பூச்சி என்று பொய் சொல்ல மாட்டேன். அது வாழ்கிற தரைதான் அரிதாகிக்கொண்டு வருகிறது.

கோலார்_குமரன்

அக்கா, நான் அந்தச் சங்கத்தின் செயற்குழுவில் இருக்கிறேன். அன்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கன்று நடுவதற்குக் கேட்க மாட்டேன்.

அந்த நிலத்தை நீங்கள் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பார்க்கிறீர்கள். நான் இரவு பதினோரு மணிக்குப் பார்க்கிறேன். கட்டட இடிபாடு ஏற்றிய டிராக்டர் விளக்கை அணைத்துக்கொண்டு உள்ளே வரும். சென்ற ஆண்டு வடக்கு மூலையில் ஒருவர் கல் நட்டு, தகரக் கொட்டகை போட்டு, இது எங்கள் தாத்தா நிலம் என்றார். அவரை வெளியேற்ற ஏழு மாதம் அலைந்தோம். பெங்களூரில் சும்மா கிடக்கிற நிலம் சீக்கிரமே யாருக்காவது சொந்தமாகிவிடும். மரம் நின்றால் வெட்டுவதற்கு அனுமதி வேண்டும், அதற்கு 1976ஆம் ஆண்டிலிருந்து கர்நாடகத்தில் சட்டம் இருக்கிறது. புல்லைச் சுரண்டி எடுக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், சொல்லுங்கள்?

இன்னொன்று. இந்த ஊரின் நிழலே நட்டு வளர்த்த நிழல்தான். லால்பாக்கைக் கவனித்த ஜெர்மானியர் க்ரும்பீகல், ஒரு மரம் பூத்து ஓயும்போது அடுத்தது பூக்கும்படி சாலையோரமெல்லாம் நட்டார். அன்றைக்கு யாராவது குறுக்கே நின்று, இது பூச்சிகளின் புதர்வெளி என்று தடுத்திருந்தால் நாம் இன்று வெயிலில்தான் நின்றிருப்போம்.

நீலன் வேண்டுமென்றால் என் வீட்டு பால்கனிக்கு வாருங்கள். தொட்டியில் வைத்த சைகஸ் குருத்து விடும்போதெல்லாம் ஒரு நீலப்பூச்சி வந்து முட்டையிடுகிறது. புழு குருத்தை மொட்டையடித்துவிடுகிறது. மருந்தடித்தும் போகவில்லை. அழியப்போகிற குடும்பமாக எனக்குத் தெரியவில்லை!

ஹலசூர்_தாத்தா

எழுபத்திரண்டு வயதில் என்னால் முழங்காலிட முடியாது, ஆகவே என் வாக்கு மரத்துக்கு. ஒரே ஒரு கேள்வி. அந்தப் பூச்சி இல்லாமல் போனால் என்ன குறைந்துவிடும் அம்மா? தேனீயாவது தேன் தருகிறது.

புளியாரை

குமரன், உங்கள் சைகஸை மொட்டையடிப்பது பிளைன்ஸ் க்யூபிட். தொட்டிச் செடி வாங்குகிற நகரம் எதுவானாலும் அது பிழைத்துக்கொள்ளும். அவரைக்காயில் ஓட்டை போட்டு உள்ளே உட்கார்ந்திருக்கும் புழுவும் நீலன்தான். அது கடல் தாண்டியே பறக்கிற ஜாதி. புங்கை மரத்திலும் ஒன்று உண்டு, சாலையோரப் புங்கை இருக்கும்வரை அதற்குக் கவலை இல்லை. காக்கை எங்கும் இருக்கிறது, ஆகவே பறவைகளுக்கு ஆபத்தே இல்லை என்று நீங்கள் சொல்வீர்களா? சிறிய புல் நீலன்கள் நின்ற இடத்தைச் சுற்றியே பிழைப்பை முடித்துக்கொள்பவை. நடுவில் அடுக்குமாடிகள் வந்துவிட்டால் தாண்டி வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

தாத்தா, நேர்மையாகச் சொல்கிறேன். சான் பிரான்சிஸ்கோ கடற்கரை மணல்மேடுகளில் ஸெர்ஸிஸ் என்றொரு நீலன் இருந்தது. மணல்மேட்டின் மேல் நகரம் வளர்ந்தது. 1940களின் தொடக்கத்துக்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. அந்த நகரத்துக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை, செழிப்பாகத்தான் இருக்கிறது. பூச்சி அருங்காட்சியகப் பெட்டிகளில் ஊசி குத்திக் கிடக்கிறது. அது போதும் என்று நீங்கள் நினைத்தால் என்னிடம் வேறு வாதம் இல்லை.

குமரனின் டிராக்டர் கவலை நியாயமானது. அதற்கு வழி சொல்கிறேன். கன்றுக்கான பணத்தில் சுற்றிலும் முள்வேலி போட்டுப் பூட்டிவிடலாம். ஆள், ஆடு, மாடு எதுவும் நுழையாது. புல்லும் பிழைக்கும், நிலமும் தங்கும்.

ஆடுமேய்த்தவன்

முள்வேலி என்ற சொல்லைப் பார்த்ததும்தான் உள்ளே வந்தேன். இதுவரை புளியாரை அக்கா பக்கம் இருந்தேன்.

நான் தேன்கனிக்கோட்டைப் பக்கம். பத்தாம் வகுப்பு வரை பள்ளி விட்டால் ஆடுதான். இப்போது அந்தச் சாலை வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். அந்தக் கோமாளத்தில் முப்பது செம்மறிகளை ஓட்டிக்கொண்டு ஓர் அம்மா வருவாரே, பார்த்திருக்கிறீர்களா? இந்த விவாதத்தில் இதுவரை ஒருவர்கூட அவரைச் சொல்லவில்லை. பூச்சி வந்துவிட்டது, ஜெர்மானியர் வந்துவிட்டார், சான் பிரான்சிஸ்கோ வந்துவிட்டது.

அங்கே புல் ஏன் கட்டையாக இருக்கிறது என்று யோசித்தீர்களா அக்கா? தானாகவா? எங்கள் ஊரில் ஒரு கரட்டை வேலி போட்டு அடைத்தார்கள். இரண்டாம் ஆண்டு போதைப்புல் இடுப்பளவு. நாலாம் ஆண்டு உண்ணிச்செடியும் பார்த்தீனியமும். இப்போது உள்ளே நுழைய அரிவாள் வேண்டும். நெருஞ்சி இருந்த இடமே தெரியாது.

கூட்டுப்புழு

ஆடுமேய்த்தவன் அண்ணன் சொன்னதற்கு இங்கிலாந்தில் பெரிய சாட்சியே இருக்கிறது. இங்கே பூச்சியியல் படிக்கிறேன், ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே லார்ஜ் புளூ என்றொரு நீலன். புழு இரண்டு மூன்று வாரம் காட்டுத் தைம் பூவைத் தின்றுவிட்டுத் தரையில் விழும். சிவப்பெறும்பு ஒன்று அதைத் தன் குஞ்சு என்று நினைத்துப் புற்றுக்குத் தூக்கிப்போகும். உள்ளே போனதும் எறும்புக் குஞ்சுகளையே தின்றுகொண்டு பத்து மாதம் கிடக்கும். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. ஆனால் எந்த எறும்பானாலும் சரி என்று கிடையாது. மிர்மிகா சபுலெட்டி என்ற ஒரே இனத்தின் புற்றில்தான் நன்றாகப் பிழைக்கும். அந்த எறும்புக்குத் தரை சூடாக இருக்க வேண்டும், அதாவது புல் சில சென்டிமீட்டருக்கு மேல் வளரக் கூடாது.

பூச்சி குறைகிறது என்றதும் ஆர்வலர்கள் என்ன செய்தார்கள்? சேகரிப்பவர்கள் வராமல் சில இடங்களை வேலி போட்டு அடைத்தார்கள். கால்நடையும் வெளியே நின்றுவிட்டது. 1950களில் முயல்கள் கொள்ளைநோயில் செத்தன. புல் வளர்ந்தது, மண் குளிர்ந்தது, எறும்பு போனது. 1979இல் பிரிட்டனில் அந்தப் பூச்சியே இல்லை. காரணத்தை ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் கண்டுபிடிப்பதற்குள் காலம் கடந்துவிட்டது. 1980களில் சுவீடனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். விடும் முன் செய்த முதல் வேலை, மாடுகளைத் திரும்ப மேய விட்டது.

நம் புல் நீலன்கள் இப்படி எறும்பைத் தின்பவை அல்ல. பல நீலன்களின் புழுவுக்கு முதுகில் ஒரு சுரப்பி உண்டு, அதிலிருந்து இனிப்பு நீர் வரும். எறும்பு அதைக் குடித்துவிட்டுக் குளவி வராமல் காவல் நிற்கும். கூலிக்குக் காவல், அவ்வளவுதான். ஆனால் தரை விஷயத்தில் கதை ஒன்றேதான்.

கோலார்_குமரன்

நன்றி தம்பி. ஆக, காப்பாற்றுகிறேன் என்று கிளம்பியவர்களே கெடுத்திருக்கிறார்கள். இதையே நானும் சொல்லலாம்: பூச்சியை அதன் போக்கில் விடுங்கள். நானும் நேற்று இரவு தேடிப் படித்தேன். கலிபோர்னியாவில் பாலோஸ் வெர்டிஸ் நீலன் அழிந்தேவிட்டது என்று 1983 வாக்கில் முடிவு கட்டினார்கள். 1994இல் எங்கே கிடைத்தது தெரியுமா? கடற்படையின் எண்ணெய்க் கிடங்கில்! எண்ணெய்த் தொட்டிகளுக்கு நடுவே பிழைத்த பூச்சி என் முந்நூறு கன்றுக்கு நடுவே பிழைக்காதா?

தவிர, பக்கத்திலேயே ஹெசரகட்டாவில் 5000 ஏக்கருக்கு மேல் புல்வெளி காப்பகமாகிறது. இந்த நாலு ஏக்கர் எந்த மூலைக்கு?

கூட்டுப்புழு

அண்ணா, அந்தக் கிடங்கில் பூச்சி ஏன் பிழைத்தது? அங்கே யாரும் தோட்டம் போடவில்லை, வீடு கட்டவில்லை. கிளறிவிட்ட மண்ணில் அதன் உணவுச் செடி தானாக முளைத்துக் கிடந்தது. அதற்கு முன்பு அது கடைசியாக இருந்த இடங்களில் ஒன்றைப் பேஸ்பால் மைதானமாக்கியிருந்தார்கள். மைதானமும் பச்சைதான்.

புளியாரை

வேலி யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இரண்டு ஆண்டுகளாக அந்த அம்மாவின் ஆடுகள் வந்தால் நான் எரிச்சலோடு எழுந்து போய்விடுவேன். படம் எடுக்க விடாமல் தூசி கிளப்புகின்றன என்று. அவர் பெயரைக்கூடக் கேட்டதில்லை. ஆடுமேய்த்தவன் சொன்னது சரியான இடத்தில் பட்டது.

ஆனால் 5000 ஏக்கர் பற்றிக் குமரன் சொன்னதை விட மாட்டேன். அந்தத் திட்டத்தையே 2021இல் மாநில வனவிலங்கு வாரியம் நிராகரித்தது. நீதிமன்றம் வரை போய், 2024இல்தான் வாரியம் ஒப்புக்கொண்டது. அவ்வளவு பெரிய வெளிக்கே அந்தப் பாடு, ஏனென்றால் அரசுக் கணக்கில் புதர்வெளி பெரும்பாலும் தரிசு. மரம் இருந்தால் காடு, நெல் இருந்தால் வயல், இரண்டும் இல்லாவிட்டால் காலி இடம். ஆள்காட்டிக் குருவியும் வானம்பாடியும் முட்டையிடுவது அந்தக் காலி இடத்தில்தான். சிறு துண்டுகள் ஒவ்வொன்றாகப் போனால், பெரிய வெளி நடுக்கடல் தீவாகிவிடும்.

ஆடுமேய்த்தவன்

ஹெசரகட்டாவுக்கு ஊர்க்காரர்கள் எதிர்ப்புச் சொன்னதும் மேய்ச்சல் போய்விடுமோ என்ற பயத்தில்தான். எங்கள் ஆட்களிடம் முதலில் பேசியிருந்தால் பாதி சண்டை குறைந்திருக்கும். குமரன் அண்ணா, டிராக்டரும் ஆக்கிரமிப்பும்தானே உங்கள் கவலை. தினமும் காலையும் மாலையும் அங்கே நிற்கிற ஆள் அந்த அம்மாதான். தகரக் கொட்டகைக்காரர் கல் நட்ட அன்றே அவருக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் சங்கத்தின் தொலைபேசி எண் இருக்கிறதா?

கோலார்_குமரன்

இல்லை.

சரி, நான் முழுதாக ஒப்புக்கொண்டுவிடவில்லை. மரம் இல்லாத நிலத்தைச் சட்டப்படி காப்பது கடினம் என்ற என் வாதத்துக்கு இங்கே யாரும் பதில் சொல்லவில்லை. எல்லைக் கல் ஓரமாக மட்டும், டிராக்டர் நுழையாத நெருக்கத்தில் ஒரு வரிசை நடுகிறோம். இதில் நான் இறங்கி வர மாட்டேன். மீதிக் கன்றுகளைச் சாலையோரத்துக்கும் அரசுப் பள்ளிக்கும் கொடுக்கச் செயற்குழுவில் பேசுகிறேன். பணம் கொடுத்த நிறுவனம் முந்நூறு கன்றுடன் படம் கேட்கும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

புளியாரை

ஓரத்தில் ஒரு வரிசை என்றால் இலந்தையாக நடுங்களேன். அதற்கும் ஒரு நீலன் உண்டு, கறுப்பு வெள்ளைப் புள்ளிக்காரன். முள்ளும் இருக்கிறது, டிராக்டர்காரருக்கு.

ஹலசூர்_தாத்தா

இலந்தைப்பழம் கிடைக்கும் என்றால் என் வாக்கை மாற்றிக்கொள்கிறேன். யாரும் முன்பே சொல்லவில்லையே.

கோலார்_குமரன்

தோண்டிய நாற்பது குழிகளை என்ன செய்வது? செம்மண் ஒரு லோடு சொல்லியிருக்கிறேன், அதையே போட்டு மூடிவிடட்டுமா?

ஆடுமேய்த்தவன்

வெளி மண் வேண்டாம் அண்ணா. லோடு மண்ணோடு பார்த்தீனிய விதையும் வரும், அடுத்த ஆண்டு நாற்பது இடத்திலும் வெள்ளைப் பூ பூத்து நிற்கும். தோண்டிய மண் குழி ஓரத்திலேயே கிடக்கிறது, காலையில் பார்த்தேன். அதையே தள்ளி மிதித்துவிடுங்கள். மழை பிடிப்பதற்குள் செய்யுங்கள். இருட்டில் ஆட்டுக்குட்டி ஒன்று ஏற்கெனவே உள்ளே விழுந்துவிட்டதாம்.