பன்னாட்டு அமைப்புப் பணியாளர் வழக்கு: நடைமுறை அறிந்தவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். ஜெனீவாவில் ஒரு பன்னாட்டு அமைப்பில் பணிபுரிந்த என் தங்கையின் ஒப்பந்தம், "நிதிப் பற்றாக்குறை" என்ற ஒற்றை வரிக் காரணத்துடன் புதுப்பிக்கப்படாமல் விடப்பட்டது. சில வாரங்களிலேயே அதே வேலைக்கு வேறொரு பதவிப் பெயரில் விளம்பரம் வெளியானது. அமைப்புக்குச் சட்ட விலக்குரிமை இருப்பதால் சுவிஸ் நீதிமன்றத்தை அணுக இயலாது.

ஐ.நா. தலைமைச் செயலகப் பணியாளர்களுக்கு 2009 முதல் தகராறு தீர்ப்பாயம், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் என இரண்டு அடுக்குகள் உள்ளன. தங்கையின் அமைப்போ சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நிர்வாகத் தீர்ப்பாயத்தை ஏற்றுக்கொண்டது. அங்கே தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அமைப்புக்குள்ளேயே செய்யும் உள் முறையீட்டை முடித்து, அமைப்பின் இறுதி முடிவு கைக்குக் கிடைத்த 90 நாட்களுக்குள் மனு செய்ய வேண்டும். காலக்கெடு தவறினால், நியாயம் எவ்வளவு இருந்தாலும் மனு பொதுவாக ஏற்கப்படுவதில்லை என்பதே எங்கள் பெருங்கவலை.

உள் முறையீட்டுக் குழு, மனு கிடைத்தது என்று மின்னஞ்சல் அனுப்பியதோடு சரி. பல மாதங்களாக ஒரு தகவலும் இல்லை. 60 நாட்கள் பதில் இல்லையெனில் நேரடியாகத் தீர்ப்பாயம் செல்லலாம் என்று தீர்ப்பாயத்தின் விதி கூறினாலும், முறையீடு குழுவுக்கு அனுப்பப்பட்டுவிட்டால் அது பொருந்தாது என்ற தீர்ப்புகளும் உள்ளன. இத்தகைய தாமதத்தை எதிர்கொண்டவர்கள் எந்தக் கட்டத்தில் தீர்ப்பாயத்தை அணுகினீர்கள்? அந்த விளம்பரத்தைத் தவிர வேறு எந்த ஆவணங்களைத் திரட்ட வேண்டும்? இவ்வழக்குகளை நடத்திய வழக்கறிஞர் எவரையேனும் அறிந்திருந்தால் தயவுசெய்து தனிச்செய்தியில் தெரிவியுங்கள்.