ரூட் கெனால்: அந்த ஒரு மணி நேரம் வாய்க்குள் என்னதான் நடக்கிறது?

தூங்காதவன்:

கீழ்த்தாடை, இடப்பக்கம், முதல் கடைவாய்ப் பல். நான்கு நாளாக ராத்திரி படுத்ததும் விண்விண்ணென்று தெறிக்கிறது. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்குகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் விழுங்கி முடித்த பிறகும் வலி நின்று விளையாடுகிறது. மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு ரூட் கெனால்தான், பல்லை உள்ளே சுத்தம் செய்து அடைக்க வேண்டும் என்றார். இரண்டு முறை வரவேண்டுமாம். வெள்ளிக்கிழமை முதல் முறை.

எனக்கு வலியைவிட, என்ன நடக்கிறது என்று தெரியாமல் கிடப்பதுதான் பயம். கூரையைப் பார்த்துக்கொண்டு வாயைப் பிளந்து படுத்திருப்பேன், உள்ளே ஏதோ சுற்றும், ஏதோ பீப் அடிக்கும். எது எதற்கு என்று தெரிந்தால் தாங்கிக்கொள்வேன். "ஒன்றும் ஆகாது, தைரியமாகப் போங்க" என்று மட்டும் எழுதாதீர்கள், அதை வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். அப்புறம், ஆன்டிபயாட்டிக் போட்டு இதைச் சரிசெய்ய வழியே இல்லையா?

கண்ணயர்ந்தவன்:

ஒன்றும் ஆகாது, தைரியமாகப் போங்க.

சரி, அடிக்க வராதீர்கள். எனக்கு மேல் பல்லில் செய்தார்கள். ஊசி போட்டது நினைவிருக்கிறது, நடுவில் தூங்கியே விட்டேன். அதனால் விவரம் கேட்டால் சொல்லத் தெரியாது. தெரிந்தவர் யாராவது வருவார்கள்.

இடப்பக்கத்து ஆள்:

நான் மருத்துவர் இல்லை. உங்கள் தலைக்கு இடப்பக்கம் உட்கார்ந்து எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருப்பாளே, அந்த உதவியாளர். பதினோரு வருடமாக இதே ஸ்டூல்.

முதலில் மாத்திரைக் கேள்வி. பல்லுக்குள் இருக்கும் கூழ் மெத்தென்ற சதை. ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் அதில்தான். சொத்தை அதைத் தொட்டதும் வீங்கப் பார்க்கும், ஆனால் சுற்றிலும் கல் மாதிரி சுவர். வீங்க இடமில்லாமல் நரம்பை நெருக்கும். படுத்தால் தலைக்கு வரும் ரத்தத்தின் அழுத்தம் கூடும், அதுதான் உங்கள் ராத்திரி வலி. மாத்திரை ரத்தத்தோடு போய்ச் சேர வேண்டும். செத்துக்கொண்டிருக்கும் கூழுக்கு ரத்தமே சரியாகப் போவதில்லை, மாத்திரை எப்படிப் போகும்? முகம் வீங்கிக் காய்ச்சல் அடித்தால் அது வேறு கதை, அப்போது மருத்துவரே எழுதிக் கொடுப்பார்.

வெள்ளிக்கிழமை ஊசியில் தொடங்கும். கீழ்க் கடைவாய்க்கு ஊசியைப் பல்லுக்குப் பக்கத்தில் போடாமல், நரம்பு தாடை எலும்புக்குள் நுழைகிற இடத்தில், பின்னால் தள்ளிப் போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் பாதி உதடு தடித்துவிட்டது போல இருக்கும். இதைக் கவனமாகப் படியுங்கள்: உதடு மரத்துப்போய்விட்டது என்பதால் பல்லும் மரத்துவிட்டது என்று அர்த்தமில்லை. உங்களுடையது போல அழன்று கிடக்கும் கீழ்க் கடைவாய்தான் இருப்பதிலேயே அடங்காத பல். சுருக்கென்றால் கையைத் தூக்குங்கள். பல்லை ஒட்டி இன்னொரு ஊசி, தேவைப்பட்டால் கூழுக்குள்ளேயே ஒன்று என்று வழிகள் உண்டு. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளும் வீரர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கடிக்கவும் முடியாது, வாய் திறந்திருக்கும்.

அடுத்தது ரப்பர் விரிப்பு. மெல்லிய தாளில் ஒரு துளை போட்டு, உங்கள் பல் மட்டும் வெளியே நிற்கும்படி கவ்வி மாட்டுவோம். நிறையப் பேருக்கு இது பிடிக்காது, மூச்சு முட்டுமோ என்று பயம். மூக்கு அடைத்திருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், மற்றபடி ஒன்றும் இல்லை. 1864-இல் வந்த ஏற்பாடு, இன்றுவரை இதைவிட நல்லது எதையும் நான் பார்க்கவில்லை. எச்சில் பல்லுக்குள் போகாது, ஊசி மாதிரி இருக்கும் ஃபைல் கை தவறினாலும் தொண்டைக்குள் போகாது.

நீங்கள் பயப்படும் கீச்சென்ற சத்தம் முதல் சில நிமிடம்தான். அது நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றும் ட்ரில். சொத்தையை எடுத்துக் கூழறையின் கூரையைத் திறந்ததும் அதன் வேலை முடிந்தது. பிறகு ஒரு நீண்ட அமைதி வரும். மருத்துவர் பேசவே மாட்டார். ஏதோ தப்பாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், கூழறையிலிருந்து வேருக்குள் இறங்கும் மெல்லிய கால்வாய்களின் வாயைத் தேடுகிறார். உங்கள் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர், மூன்று கால்வாய்: முன் வேரில் இரண்டு, பின் வேரில் ஒன்று. சிலருக்கு நான்காவதும் இருக்கும். அதைத் தவறவிட்டால் பிற்பாடு பல் மறுபடி மக்கர் செய்யலாம், அதனால் தேடட்டும்.

பிறகு என் பங்கு. கால்வாய்க்குள் போகும் ஃபைல்களை வரிசையாக எடுத்துக் கொடுப்பேன். 10 ஊதா, 15 வெள்ளை, 20 மஞ்சள், 25 சிவப்பு, 30 நீலம், 35 பச்சை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். 15 என்றால் நுனியின் குறுக்களவு 0.15 மில்லிமீட்டர். ஒவ்வொன்றிலும் சின்ன ரப்பர் வளையம் இருக்கும், எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு அடையாளம். அந்த ஆழத்தைச் சொல்வதுதான் உங்கள் பீப். உதட்டில் ஒரு கொக்கி மாட்டுவோம், கருவியின் இன்னொரு முனை ஃபைலில். இலேசான மின்சாரம், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஃபைல் வேர் நுனியை நெருங்க நெருங்க பீப் வேகமாகும். பயந்துவிடாதீர்கள், அது நல்ல செய்தி. சந்தேகம் இருந்தால் ஃபைலோடு ஓர் எக்ஸ்ரே எடுப்போம்.

அளவு தெரிந்த பிறகு நிக்கல் டைட்டானியம் ஃபைலை மோட்டாரில் மாட்டி அகலப்படுத்துவார். அது 300 சுற்று அளவில்தான் ஓடும், மெதுவான உர்ர் சத்தம். நடுநடுவே பிளீச்சிங் வாடை அடிக்கும், சோடியம் ஹைப்போகுளோரைட். என்னைக் கேட்டால் சுத்தம் செய்வதே இந்தத் திரவம்தான். ஃபைல் எட்டாத சந்துபொந்தில் ஒட்டியிருக்கும் கூழைக் கரைத்துக் கிருமியையும் கொல்வது இதுதான். ஃபைல் இதற்கு வழி வெட்டிக் கொடுக்கிறது, அவ்வளவே. வாயில் அதன் ருசி பட்டாலோ எரிந்தாலோ உடனே கை தூக்குங்கள், விரிப்பு எங்கோ கசிகிறது.

கடைசியாகக் காகிதக் குச்சிகளை விட்டு ஈரத்தை ஒற்றி எடுத்து, கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து, தற்காலிக சிமென்ட் போட்டு அனுப்புவார்கள். இரண்டாம் முறை மறுபடி கழுவி, கட்டாபெர்ச்சா வைத்து அடைப்பது. அது ஒரு மரத்துப் பால், ஒரு காலத்தில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போட்டது. சூடான கருவியால் மிச்சத்தை நறுக்கும்போது ஒரு கருகல் வாடை வரும். கருகுவது நீங்கள் இல்லை.

பாதிப் பல்:

மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. கேப், பல்லின் மேல் மாட்டும் உறை! எனக்கு எல்லாம் நன்றாக முடிந்து வலி அடியோடு போய்விட்டது. கேப் போட வரச்சொன்னார்கள். வலியே இல்லையே, எதற்கு என்று எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். ஒருநாள் மெல்லும்போது டக்கென்று ஒரு சத்தம். பல் நெடுக்கில் பிளந்து, பிளவு ஈறுக்குக் கீழே இறங்கிவிட்டது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை. உள்ளே குடைந்தெடுத்த கடைவாய், சுவர் மட்டும் நிற்கிற வீடு மாதிரிதான். தப்பு முழுக்க என்னுடையது.

இடப்பக்கத்து ஆள்:

ஆமாம், அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. கேப் வரைக்கும் சேர்த்தால்தான் சிகிச்சை முடிந்தது என்று நாங்கள் கணக்கு வைப்போம்.

தூங்காதவன்:

போய் வந்துவிட்டேன். நீங்கள் சொன்ன வரிசை அப்படியே. முதல் ஊசிக்குப் பிறகும் சுருக்கென்றது, கை தூக்கினேன், இன்னொன்று போட்டார், அதோடு சரி. அமைதி வந்தபோது "தேடுகிறார், தேடுகிறார்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கிடந்தேன். பீப் வேகமானபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, ஆடாதீர்கள் என்று அதட்டினார். கால்வாய் மூன்றல்ல, நான்கு.

நேற்று ராத்திரி ஆறு மணி நேரம் தூங்கினேன். ஆனால் அந்தப் பல்லால் கடித்தால் வலிக்கிறது. இது சாதாரணம்தானா?

இடப்பக்கத்து ஆள்:

சாதாரணம்தான். வேர் நுனியைச் சுற்றியிருக்கும் தசைநார் புண்பட்டிருக்கிறது, சில நாளில் அடங்கும். நாளுக்கு நாள் கூடினாலோ, கன்னம் வீங்கினாலோ இரண்டாம் முறைக்குக் கொடுத்த நாளுக்குக் காத்திருக்காமல் போய்விடுங்கள். அதுவரை அடுத்த பக்கத்தில் மெல்லுங்கள். சிமென்ட் ஒழுங்காக இருக்கிறதா என்று நாக்கால் நிமிடத்துக்கொரு தரம் தடவிப் பார்க்கிறீர்களே, அதையும் நிறுத்துங்கள்.

தூங்காதவன்:

எப்படித் தெரியும்?!