தலைப்ப பசங்ககிட்டயே விட்டாச்சு, இனிமே எப்படி வழிகாட்டுறது?

வாகை_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில எட்டாவது ஒன்பதாவதுக்கு அறிவியல் எடுக்குறேன். இந்த வருஷம் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு நம்ம பசங்களும் போகட்டும்னு எச்எம் சொன்னாங்க, எனக்கும் ரொம்ப நாள் ஆசை, அதனால உடனே சரின்னுட்டேன். தலைப்பு நான் குடுக்க மாட்டேன், உங்களுக்கு நெஜமா தெரிஞ்சுக்கணும்னு தோணுறத எழுதிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பினேன். வந்த பேப்பரயெல்லாம் பாத்தா புவி வெப்பமயமாதல், பிளாஸ்டிக்கின் தீமைகள், நீர் மேலாண்மை, விண்வெளி, இப்படித்தான் இருக்கு. ஒரு பொண்ணு செல்போன் டவரால சிட்டுக்குருவி அழிஞ்சுபோச்சுன்னு எழுதியிருக்கா. ஒரு பையன் பேப்பரே குடுக்கல, ஆனா பெல் அடிச்சப்புறம் கிட்ட வந்து "மிஸ், எங்க தெருவுல மட்டும் ஏன் இவ்ளோ கொசு, மெயின் ரோட்டுல எங்க மாமா வீட்டுல இல்லவே இல்லையே"ன்னு கேட்டுட்டுப் போனான்.

நான் கேக்க வர்றது என்னன்னா, இந்தப் பெரிய பெரிய தலைப்ப பசங்க செய்யுற அளவுக்கு எப்படி சுருக்குறது, அதுவும் நானே சுருக்கிக் குடுக்காம. நான் சொல்லிட்டா அது என் ப்ராஜெக்ட் ஆயிடும், சொல்லாம விட்டா கூகுள்ல இருந்து அப்படியே எழுதிட்டு வந்துருவாங்க, இப்ப ஏஐ வேற இருக்கு. பெத்தவங்க சில பேரு தெர்மாகோல் மாடல் செஞ்சு குடுக்குறோம் டீச்சர்னு ஆரம்பிச்சுட்டாங்க. லேப்ல பெருசா எதுவும் கெடையாது, பிஎச் பேப்பரும் ஒரு மைக்ராஸ்கோப்பும்தான். பசங்களக் கூட்டிட்டுப் போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்களேன்.

கரிசல்_மாஸ்டர்:

டீச்சர், அந்தப் பேப்பர் குடுக்காத பையன விட்டுறாதீங்க. அவன் கேட்டதுதான் ஆராய்ச்சிக் கேள்வி. ரெண்டு இடத்த ஒப்பிட்டுப் பாத்துருக்கான், வித்தியாசத்தக் கவனிச்சுருக்கான், காரணம் கேக்குறான். மத்ததெல்லாம் பாடப்புத்தகத்தோட அத்தியாயத் தலைப்பு, அதுக்கு பதில் ஏற்கனவே புத்தகத்துல இருக்குன்னு பசங்களுக்கே தெரியும், அதான் காப்பி அடிக்குறாங்க.

இந்த மாநாடு தேசிய அளவுல 1993ல இருந்து நடக்குது, நம்ம மாநிலத்துல தமிழ்நாடு அறிவியல் இயக்கம் முன்னாடி நின்னு நடத்துது, 10 வயசுலருந்து 17 வயசு வரைக்கும் யார் வேணாலும் சேரலாம். ஒரு பொதுக் கருப்பொருள் குடுப்பாங்க, அதுக்குள்ள தலைப்பு பசங்களோடது, சொந்த ஊர்ல சொந்தக் கண்ணால பாத்து செய்யணும்ங்கிறதுதான் இதோட அடிப்படையே. அதனால பெரிய லேப் இல்லன்னு கவலையே படாதீங்க.

சுருக்குறதுக்கு நான் செய்யுறது ஒண்ணே ஒண்ணு, பதில் சொல்லாம கேள்வியாவே திருப்பிக் கேட்டுட்டே இருப்பேன். உங்க தெருன்னா எங்கேர்ந்து எங்க வரைக்கும்ப்பா? கொசு ஜாஸ்தின்னு எத வச்சு சொல்ற? பகல்ல கடிக்குதா ராத்திரியிலயா? இந்த மூணாவது கேள்வி முக்கியம். பகல்ல கடிச்சா பெரும்பாலும் ஏடிஸ், டெங்கு பரப்புறது, வீட்டுல புடிச்சு வைக்குற நல்ல தண்ணியில முட்டை போடும். ராத்திரின்னா பெரும்பாலும் கியூலெக்ஸ், அது சாக்கடைத் தண்ணியில பெருகும். ஆக அவன் கேள்வி சாக்கடையப் பத்தினதா, வீட்டுத் தொட்டியப் பத்தினதான்னு அவனே கண்டுபிடிக்கணும். அடுத்து, உங்க தெருவுல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருது, மாமா வீட்டுல எப்படி? இங்க பையன் கொஞ்ச நேரம் பேசாம நிப்பான் பாருங்க, அப்ப நீங்களும் பேசாம இருங்க. நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேரு அந்த எடத்துல பொறுக்க முடியாம பதிலச் சொல்லிடுறாங்க.

கேள்வி கடைசியா இப்படி வந்து நின்னா போதும்: "எங்க தெருவுலயும் மாமா தெருவுலயும் எந்த மாதிரிப் பாத்திரத்துல கொசுப்புழு அதிகமா இருக்கு, அதுக்கும் தண்ணி வர்ற நாளுக்கும் சம்பந்தம் இருக்கா?" இதுக்கு வேண்டியது ஒரு டார்ச், ஒரு வெள்ளை மக், ஒரு நோட்டு.

எண்ணுறதுக்கு சுகாதாரத் துறையில பயன்படுத்துற கணக்கையே சொல்லிக்குடுங்க, எட்டாவது சதவீதக் கணக்குதான். உதாரணத்துக்கு 40 வீடு பாத்து 6 வீட்டுல புழு இருந்துச்சுன்னா வீட்டுக் குறியீடு 15. அந்த 40 வீட்டுல புழு இருந்த பாத்திரம் மொத்தம் 8ன்னா, 100 வீட்டுக்கு 20, இது பிரெட்டோ குறியீடு. ரெண்டு தெருவுக்கும் தனித்தனியா போட்டா ஒப்பிட்டுக்கலாம். சிமெண்ட் தொட்டி, ட்ரம், ஆட்டுக்கல், டயர், தேங்காச் சிரட்டை, ஃபிரிட்ஜ் பின்னாடி இருக்குற தட்டு, இப்படி வகை பிரிச்சு எழுதச் சொல்லுங்க. அந்தத் தட்ட நிறைய வீட்டுல யாரும் பாக்குறதே இல்ல.

புழு எந்த வகைன்னு கை லென்ஸ் வச்சே ஓரளவு சொல்லலாம். தண்ணி மட்டத்துக்கு இணையா படுத்திருந்தா அனாபிலஸ், மலேரியா பரப்புற வகை. தலைகீழா தொங்குச்சுன்னா மத்த ரெண்டுல ஒண்ணு, வால்பக்கம் மூச்சுக்குழல் குட்டையா தடியா இருந்தா ஏடிஸ், நீளமா ஒல்லியா இருந்தா கியூலெக்ஸ். உங்க மைக்ராஸ்கோப்புக்கு வேலை வந்துருச்சு.

மழைத்துளி_79:

கரிசல் மாஸ்டர் சொன்னதோட ஒண்ணு சேத்துக்குறேன், நான் டீச்சர் இல்ல, மாவட்ட அளவுல ரெண்டு மூணு தடவ மதிப்பீட்டாளரா உக்காந்துருக்கேன். வர்ற குழுக்கள்ல பாதிக்கு மேல ஸ்பைரல் பைண்டிங், கலர் பிரிண்ட், மனப்பாடம் பண்ணின அஞ்சு நிமிஷப் பேச்சு. நாங்க சார்ட்ட ரொம்ப நேரம் பாக்க மாட்டோம், நேரா லாக் புக்கத்தான் (பாத்தத அப்பப்ப எழுதி வைக்குற நோட்டு) எடுப்போம். அதுல தேதி இருக்கா, கை எழுத்து மாறி மாறி இருக்கா (ரெண்டு பேரும் எழுதியிருக்காங்கன்னு அர்த்தம்), அடிச்சுத் திருத்தினது இருக்கா, போன எடத்துல நடந்தது இருக்கான்னு பாப்போம். ஒரு பக்கத்த சும்மா புரட்டி "இந்த 7ங்கிற எண் எங்கேர்ந்து வந்துச்சு பாப்பா"ன்னு கேட்டா, செஞ்ச புள்ள அந்த வீட்டுத் தொட்டி, அங்க இருந்த நாய் வரைக்கும் கதை சொல்லும். செய்யாத புள்ள கூட வந்த டீச்சர் மூஞ்சியப் பாக்கும். ஏஐல எழுதிட்டு வந்ததுக்கும் இதேதான். அறிக்கைய அது எழுதிக் குடுத்துரலாம், அந்தத் தொட்டிய அது பாத்துருக்காது.

லாக் புக் எப்படி இருக்கணும்னு பசங்களுக்கு ஒரு பதிவ எழுதிக் காட்டினா புடிச்சுக்குவாங்க. இப்படி: "சனிக்கிழமை, காலை 7.10. வீடு எண் 6. பின்பக்கம் சிமெண்ட் தொட்டி, மூடி இல்ல, தண்ணி முக்கால்வாசி. புழு இருக்கு. நேத்து ராத்திரி மழை. பாட்டி சொன்னாங்க: குழாய்ல தண்ணி வந்து நாலு நாள் ஆச்சு, இதக் கொட்டச் சொல்லாத." அந்தக் கடைசி வரிதான் அந்த ஆய்வுக்கே உயிர். சுத்தமா இருக்கத் தெரியாததால கொசு வருதுன்னு எழுத வந்த புள்ளைங்க, தண்ணி விடுற முறை இப்படி இருக்கறதாலதான் ஜனங்க சேத்து வைக்குறாங்கன்னு எழுதுவாங்க.

வீட்டுக்காரங்க பேர எழுத வேண்டாம், நம்பர் மட்டும் போதும். தனியா யார் வீட்டுக்குள்ளயும் போகக்கூடாது, ரெண்டு பேரா, கேட்டுட்டு, ஒரு பெரியவங்களோட போகணும். முடிஞ்சா ஒரே தொட்டிய ரெண்டு பேரும் தனித்தனியா பாத்து எழுதிட்டு அப்புறம் ஒத்துப் பாக்கட்டும். எண்ணிக்கை வேற வேறயா வந்தா சண்டை போட வேண்டாம், ஏன் வந்துச்சுன்னு அதையும் எழுதச் சொல்லுங்க, அத நாங்க ரொம்ப மதிப்போம்.

தமிழ்லயே பேசலாம், அதுக்காக மார்க்கு கொறையாது. நல்ல ஆய்வு செஞ்சுட்டு வந்த புள்ளைங்கள ஒரு சில ஸ்கூல்ல இங்கிலீஷ்லதான் பேசணும்னு படுத்தி மேடையில திணற விடுறாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கும்.

அடைக்கலாங்குருவி:

சிட்டுக்குருவிப் பொண்ணப் பத்தி யாரும் சொல்லலையே, அதனால வந்தேன். டீச்சர், தலைப்பு தப்புன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க, ஆர்வம் போயிடும். அவ எழுதினது பதில், அதுக்குள்ள கேள்வி ஒளிஞ்சிருக்கு. டவரால அழிஞ்சுதுன்னு எல்லாரும் பேசுறாங்க, ஆனா அது உறுதியா நிரூபிக்கப்படல. குருவி கொறைஞ்சதுக்கு ஆராய்ச்சியாளர்கள் பல காரணம் சொல்றாங்க, ஓட்டு வீடு போயி பொந்து இல்லாத கான்கிரீட் வீடு வந்தது ஒண்ணு, பூச்சிமருந்தால பூச்சி கொறைஞ்சது ஒண்ணு. பெரிய குருவி தானியம் தின்னாலும் குஞ்சுக்குப் பூச்சிதான் ஊட்டும், அது நிறைய பேருக்குத் தெரியாது.

அவகிட்ட இதயெல்லாம் சொல்லாம, "சரிம்மா, டவர் பக்கத்துல இருக்குற தெருவுலயும் தூரத்துல இருக்குற தெருவுலயும் குருவி இருக்கான்னு எப்படிப் பாப்ப"ன்னு மட்டும் கேளுங்க. காலைல ஒரே நேரத்துல, ஒரே எடத்துல நின்னு, பதினஞ்சு நிமிஷம் எண்ணட்டும். கூடவே அந்தத் தெருவுல ஓட்டு வீடு எத்தன, மளிகைக் கடை இருக்கா, செடி கொடி எப்படின்னும் எழுதட்டும். டவருக்குப் பக்கத்துலயே அரிசிக் கடை வாசல்ல குருவிக் கூட்டத்தப் பாத்தான்னு வச்சுக்கோங்க, அவளே வந்து உங்ககிட்ட கேள்வி கேப்பா. அதே சமயம் ரெண்டு தெருவ வச்சு டவருக்கு சம்பந்தமே இல்லன்னும் எழுதிடக் கூடாது, நாங்க பாத்த எடத்துல இப்படி இருந்துச்சுன்னு எழுத வைங்க. எதிர்பார்த்தது வரலன்னா எண்ண மாத்தி எழுதுற பழக்கம் பசங்ககிட்ட ரொம்ப இருக்கு, அவங்களக் குத்தம் சொல்ல முடியாது, லேப்ல "சரியான விடை" வரலன்னா மார்க் கொறைக்குறோமே. கருதுகோள், அதாவது மொதல்ல இப்படித்தான் இருக்கும்னு நெனச்சது, பொய்யாப் போனாலும் முழு மார்க்னு மொத நாளே சொல்லிடுங்க.

நீர் மேலாண்மை எழுதின குழுவுக்கு ஒண்ணு. நம்ம மாநிலத்துல மழைநீர் சேகரிப்பு 2003ல இருந்து எல்லா கட்டடத்துக்கும் கட்டாயம். அவங்க தெருவுல அந்தக் குழாய் இருக்குற வீடு எத்தன, அதுல இன்னிக்கு நெஜமா தண்ணி இறங்குறது எத்தன, அடைச்சுக் கெடக்குறது எத்தன? ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஒரு லிட்டர், அப்ப 100 சதுர மீட்டர் மாடியில 20 மில்லிமீட்டர் பெஞ்சா 2000 லிட்டர். இந்தக் கணக்கப் போட்ட புள்ள அதுக்கப்புறம் மழையப் பாக்குற விதமே மாறிடும். மழைமானி நேரான பக்கம் இருக்குற பாட்டில்ல செய்யலாம், கழுத்த வெட்டி கவுத்து புனலா வச்சுரணும், அடிப்பக்கம் வளைஞ்சிருக்குறதால அந்த வளைவு முடியுற வரைக்கும் தண்ணி ஊத்தி அதையே பூஜ்யம்னு கோடு போட்டுக்கணும்.

வாகை_டீச்சர்:

ரொம்ப ரொம்ப நன்றி எல்லாருக்கும். இன்னிக்கு மத்தியானம் அந்தப் பையனக் கூப்ட்டு மாஸ்டர் சொன்ன மாதிரியே கேட்டேன். பகல்லதான் மிஸ் கடிக்குது, ஸ்கூல் விட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதுறப்ப கால்லயே கடிக்கும்ங்கிறான். தண்ணி பத்திக் கேட்டதும் யோசிச்சான், நான் வாயத் தொறக்கல. அப்புறம் அவனே "மாமா வீட்டுல சம்ப், மேல மூடின டேங்க்கு, எங்க தெருவுல ட்ரம்முதான் மிஸ்"னான். சொல்லி முடிச்சதும் அவன் மொகத்தப் பாத்துருக்கணும் நீங்க! விண்வெளி எழுதின பையன் நானும் இதுல சேந்துக்குறேன்னு வந்துட்டான்.

பெத்தவங்ககிட்ட, மாடல் வேண்டாம், சனிக்கிழமை காலைல கூட நடந்து வாங்க, அதுதான் பெரிய உதவின்னு சொல்லலாம்னு இருக்கேன்.

ஒரு சந்தேகம் மட்டும். புழுவப் பாத்தா அப்பவே கொட்டிடச் சொல்லணுமா? கொட்டிட்டா அடுத்த வாரம் எண்ணுறப்ப கணக்கு மாறிடுமே, அப்படியே விட்டா அந்த வீட்டுல யாருக்காவது காய்ச்சல் வந்துட்டா மனசு கேக்காது.

கரிசல்_மாஸ்டர்:

கொட்டச் சொல்லணும் டீச்சர், அதுல யோசனையே வேண்டாம். மொதல்ல பாத்தத எழுதிக்கணும், உடனே வீட்டுக்காரங்ககிட்ட காட்டணும், முடிஞ்சா புழுவ மக்குல எடுத்துக் காட்டட்டும். வெறும் தண்ணிய மட்டும் கொட்டினா பத்தாது, ஏடிஸ் முட்டைய தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல சுவத்துலதான் ஒட்டி வைக்கும், காஞ்சாலும் மாசக்கணக்குல உயிரோட கெடக்கும், திரும்பத் தண்ணி பட்டதும் பொரிஞ்சிடும். அதனால நார் போட்டு நல்லாத் தேய்க்கணும். நாலு நாளைக்கு ஒருக்கா தண்ணி வர்ற வீட்டுல கொட்டுங்கன்னு சொன்னா பாவம், அங்க துணிய வடிகட்டியாக் கட்டி வேற பாத்திரத்துக்கு மாத்திட்டு, தொட்டியத் தேச்சு, தண்ணிய திரும்ப ஊத்தி, துணியால இறுக்க மூடிக்கட்டும்.

கணக்கு மாறுறதப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம், அதுதான் அவங்க ஆய்வோட ரெண்டாம் பாகம். மொத வாரக் குறியீடு முன்னாடி நிலை, சொல்லிட்டு வந்தப்புறம் வாராவாரம் அதே நாள்ல அதே வீடுங்களப் பாத்து எழுதினா எத்தன வீடு மாறுச்சு, எது மாறல, ஏன் மாறலன்னு தெரியும். நடுவுல டெங்கு பணியாளர்கள் வந்து அபேட்ங்கிற கொசுப்புழு மருந்த ஊத்திட்டுப் போனா அந்தத் தேதியையும் கட்டாயம் எழுதணும், இல்லன்னா கொறைஞ்சதுக்குக் காரணம் பசங்களா மருந்தான்னு பிரிக்க முடியாது.

மைக்ராஸ்கோப்புல காட்டுறதுக்குப் புழுவ ஸ்கூலுக்கு எடுத்துட்டு வந்தா பாட்டில் வாயில வேட்டித் துணி ரெண்டு மடிப்பா போட்டு ரப்பர்பேண்ட் மாட்டச் சொல்லுங்க. நம்ம ஊர் வெயிலுக்கு முட்டையிலருந்து ஏழு பத்து நாள்ல கொசுவா பறந்துரும், வெள்ளிக்கிழமை லேப்ல வச்சுப் பூட்டிட்டுப் போயிடாதீங்க.