புதுப்பிப்பு: பால் குடிக்க மறுத்த என் பாப்பா

போன வாரம் அழுதுகொண்டே இங்கே எழுதியிருந்தேன். நாலு மாதப் பாப்பா, மார்பில் வாய் வைத்த உடனே வீறிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று. பதில் எழுதிய அத்தனை பேருக்கும் நன்றி.

காரணம் தெரிந்துவிட்டது. "வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்க" என்று ஒரு அக்கா சொல்லியிருந்தீர்கள். பார்த்தேன். நாக்கில் மட்டுமில்லை, கன்னத்தின் உட்பக்கமும் தயிர் திட்டுத்திட்டாய் ஒட்டியதுபோல வெள்ளை. ஈரத்துணியால் துடைத்தும் போகவில்லை. பூஞ்சைத் தொற்று என்றார் டாக்டர். அவளுக்குச் சொட்டு மருந்து, எனக்கும் மார்பில் தடவ மருந்து. ஒருவருக்கு மட்டும் பார்த்தால் மாறி மாறி ஒட்டிக்கொண்டே இருக்குமாம். தேன் தடவலாம் என்றார் அத்தை. ஒரு வயது வரை தேனே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அவள் மறுபடி மார்பில் குடிக்கும்வரை பாலைப் பீய்ச்சி பாலாடையில்தான் (சங்கு மாதிரி மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) கொடுத்தேன். தலையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடை மூக்கைக் கீழுதட்டில் வைத்து லேசாகச் சாய்த்தால் அவளே நக்கிக் குடித்தாள். வாய்க்குள் ஊற்றவே கூடாது, புரை ஏறிவிடும். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. 24 மணி நேரத்தில் 6 முறையாவது சிறுநீர் போகிறாளா என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். அதுதான் தைரியம் கொடுத்தது.

நேற்று விடியற்காலை, அரைத்தூக்கத்தில் மடியில் போட்டேன். தானே தேடிப் பிடித்துக்கொண்டாள். விழுங்கும் சத்தம் கேட்டதும் இவரை எழுப்பிவிட்டேன். மருந்து இன்னும் 4 நாள் பாக்கி இருக்கிறது.