கொழுந்து நிறுவை சர்வர்: ரீஸ்டார்ட் இல்லாமல் கிராஃப்கியூஎல் ஸ்கீமாவை மாற்ற முடியுமா?

கொழுந்துக்கணக்கு (ஹட்டன்):
தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து நிறுவையைப் பதிகிற ஆப் ஒன்று. பின்னால் சர்வர் நோட் ஜேஎஸ்ஸில், போனின் கேள்விகளுக்குப் பதில் தர கிராஃப்கியூஎல் யோகா, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். சர்வரை ஓட்டிப் பார்த்துக்கொள்கிற பிஎம்2வின் க்ளஸ்டரில் 2 ப்ராசஸ். மலைக்குள்ள சிக்னல் இல்லாததால் போன் நிறுவையைச் சேர்த்து வைத்து, ரோட்டுப் பக்கம் வந்ததும் மொத்தமாக அனுப்பும். அந்த நேரம் ரீஸ்டார்ட் பண்ணினால் பாதி வழியில் அறுந்துபோகுது. இப்ப 'கழிவு' என்று புது ஃபீல்ட் வேணும், மழை ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிக்கிற கிலோ. ஸ்கீமா ஃபைலை (என்னென்ன ஃபீல்ட் உண்டு என்ற வரையறை) மாற்றி, ஓடுற சர்வருக்குள்ளேயே திரும்ப வாசித்து வேரியபிளில் போட்டாச்சு. ஆனாலும் 'அப்படி ஒரு ஃபீல்ட் இல்லை' என்றுதான் எரர். ஏன்?

பின்தளம் (பண்டாரவளை):
யோகாவை உருவாக்கும்போது ஸ்கீமா ஆப்ஜெக்டையே கொடுத்திருப்பீங்க. அது அதையே பிடித்துக்கொண்டு இருக்கும், உங்க வேரியபிள் மாறினது அதுக்குத் தெரியாது. ஆப்ஜெக்டுக்குப் பதிலா ஒரு ஃபங்ஷனைக் கொடுங்க. ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் யோகா அதைக் கூப்பிட்டு, அந்த நேரத்து ஸ்கீமாவை வாங்கிக்கொள்ளும். ஃபங்ஷன் வேரியபிளைத் திருப்பித் தந்தால் போதும். அதுக்குள்ளேயே ஸ்கீமாவைக் கட்டினால் ரிக்வெஸ்டுக்கு ஒரு தடவை கட்டும், வேகம் படுத்துவிடும்.

புதுசைத் தனியாகக் கட்டி, வேலிடேட்ஸ்கீமா என்ற சரிபார்ப்பு ஃபங்ஷனில் எரர் இல்லை என்று பார்த்த பிறகுதான் வேரியபிளை மாற்றணும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற ரிக்வெஸ்ட் பழைய ஸ்கீமாவிலேயே முடியும், அதுக்கு ஒன்றும் ஆகாது.

பழைய ஸ்கீமாவின் டைப் ஆப்ஜெக்ட்களை எடுத்துப் புதுசில் ஒட்டவே வேணாம். ஒரே பெயரில் இரண்டு டைப் இருக்கு என்று கத்தும். முழுசையும் ஃபைலிலிருந்து மறுபடி கட்டுங்க.

மூடுபனி (நுவரெலியா):
ஃபைல் மாறினதை வாட்ச் பண்ணி ரீலோட் செய்ய வேணாம். பாதி எழுதின ஃபைலையே வாசித்துவிடும், ஒரே மாற்றத்துக்கு இரண்டு தடவையும் கிளம்பும். தற்காலிகப் பெயரில் எழுதி, பிறகு பெயரை மாற்றி, ஸ்கீமாவைத் திரும்ப வாசிக்கச் சொல்லி ப்ராசஸுக்கு எஸ்ஐஜிஹப் சிக்னல் அனுப்புங்க. கோடில் அதுக்கு ஹேண்ட்லர் (சிக்னல் வந்தால் ஓடுற ஃபங்ஷன்) இல்லாவிட்டால் அந்த சிக்னலே நோடைக் கொன்றுவிடும், அதை முதலில் எழுதி வைங்க. பிஎம்2வின் சென்ட்சிக்னல் கட்டளையில் ஆப் பெயரைக் கொடுத்தால் இரண்டு ப்ராசஸுக்கும் போகும்.

கொழுந்துக்கணக்கு:
நன்றி அண்ணே, ஃபீல்ட் வந்துவிட்டது. டேட்டாபேஸ் டேபிளில் அதுக்கு ஒரு காலமும் (நெடுவரிசை) சேர்த்தாச்சு. இப்ப இரண்டு வில்லங்கம். நிறுவைப் பட்டியல் கேட்டால் 'கேஷ் பண்ணின ப்ளானின் ரிசல்ட் வகை மாறக்கூடாது' என்று போஸ்ட்கிரெஸ் எரர். போன் அனுப்புகிற கழிவு எரர் இல்லாமல் போகுது, டேபிளில் பார்த்தால் வெறுமை.

பின்தளம்:
முதலாவது, ப்ரிப்பேர்ட் ஸ்டேட்மென்டில் (ப்ளானை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஓட்டுகிற குவெரி) எல்லாக் காலத்தையும் கேட்கிற 'செலக்ட் ஸ்டார்' போட்டதால். காலம் கூடினதும் ரிசல்ட்டின் வடிவம் மாறுது, பழைய ப்ளான் உடையுது. காலம் பெயர்களை எழுதிக் கேளுங்க.

அடுத்த தடவை காலம் சேர்க்கும்போது லாக் டைம்அவுட்டை (டேபிள் பூட்டுக்குக் காத்திருக்கிற உச்ச நேரம்) 2 செக்கன் வைத்துவிட்டு, காலம் சேர்க்கிற ஆல்டர் டேபிள் ஓட்டுங்க. வெறுமையாக (நல்) இருக்கலாம் என்ற காலம் சேர்ப்பது நொடி வேலைதான். ஆனா அந்த டேபிளில் நீண்ட ரிப்போர்ட் ஓடிக்கொண்டிருந்தால் ஆல்டர் அதுக்காகக் காத்து நிற்கும், அதுக்குப் பின்னால் வருகிற எல்லாம் வரிசையில் மாட்டும்.

இரண்டாவதுதான் முக்கியம். ஸ்கீமா மாறினது, ரிசால்வர் (ஃபீல்டை வாசித்து எழுதுகிற கோட்) மாறவில்லை. மெமரியில் இருப்பது பழைய கோட், அதன் இன்சர்ட்டில் கழிவு இல்லை. ஸ்கீமா வாங்கிக்கொள்ளும், ரிசால்வர் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். வாசிக்கிற பக்கம் பெயர் ஒன்றாக இருந்தால் டிஃபால்ட் ரிசால்வர் சமாளிக்கும். எழுதுகிற பக்கம் சமாளிக்காது.

மூடுபனி:
அதனால இந்த வேலைக்கு ஸ்கீமா மாற்றுவது சரியான மருந்து இல்லை. பிஎம்2 ரீலோட் போதும், க்ளஸ்டரில் ஒவ்வொன்றாக மாற்றும். பழைய ப்ராசஸ் தானாக முடிய பிஎம்2 தருகிற டிஃபால்ட் கில் டைம்அவுட் 1600 மில்லிசெக்கன்தான். மலையிலிருந்து வருகிற மெதுவான ரிக்வெஸ்டுக்கு அது பத்தாது, 15000 வைங்க. நிற்கச் சொல்கிற எஸ்ஐஜிஇன்ட் சிக்னல் வந்ததும் சர்வரை க்ளோஸ் பண்ணி, கையில் இருப்பதை முடித்துவிட்டு வெளியேறணும்.

அப்படியும் டவர் அறுக்கும். போனிலேயே ஒவ்வொரு நிறுவைக்கும் யூயூஐடி (திரும்ப வராத அடையாள எண்) கொடுத்து, டேபிளில் அதுக்கு யுனிக் இன்டெக்ஸ் போட்டு, இன்சர்ட்டில் 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' சேருங்க. போன் திரும்ப அனுப்பினாலும் ஒரே கொழுந்து இரண்டு தடவை கணக்கில் ஏறாது.

கழிவைக் கட்டாயமாக்க வேணாம். பழைய ஆப் போட்ட போன் மலைக்குள்ள இருந்து சாயந்தரம் வரும்போது அதில் அந்த ஃபீல்டே இருக்காது, முழு பேட்சும் திரும்பிவிடும். டெப்ளாய்க்கு முன்னால் ஃபைண்ட்பிரேக்கிங்சேஞ்சஸ் என்ற கிராஃப்கியூஎல் ஃபங்ஷனுக்குப் பழைய ஸ்கீமாவையும் புதுசையும் கொடுத்தால் இதைச் சொல்லிவிடும்.

கொழுந்துக்கணக்கு:
அப்ப ஸ்கீமா ஃபங்ஷனைக் கழற்றிவிடவா?

பின்தளம்:
தோட்டத்துக்குத் தோட்டம் வேறு வேறு ஃபீல்ட் கேட்பாங்கன்னா வைத்துக்கொள்ளுங்க. அப்படியானால் கூடுதல் ஃபீல்ட்களை ஒரு ஜேசன்பி காலத்தில் (எந்த ஃபீல்டையும் ஜேசனாக வைக்கக்கூடிய வகை) போட்டு, ரிசால்வரையும் ஃபீல்ட் பட்டியலைப் பார்த்து எழுதுகிற மாதிரி மாற்றணும். கழிவு ஒன்றுக்காக மட்டும் என்றால் கழற்றிவிடுங்க.