புதுப்பிப்பு: மூன்றாம் அத்தியாயத்தில் நின்ற நாவல் நகர்ந்துவிட்டது

எட்டு மாதமாகத் தொடாத நாவலை மறுபடி எப்படித் தொடங்குவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முதல் வரைவு நேற்று முடிந்தது.

முதலில் பொமோடோரோ முறையை முயன்றேன்: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. உட்கார வைத்தது, ஆனால் எழுத்து சூடுபிடிக்கும் நேரம் பார்த்து மணி அடித்துவிடும். இரண்டு வாரத்தில் விட்டுவிட்டேன்.

கைகொடுத்தது, 'வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்திருங்கள்' என்ற யோசனைதான். மறுநாள் முதல் வேலை அந்த வாக்கியத்தை முடிப்பது. அதற்குப் பெரிதாக யோசிக்க வேண்டாம். முடித்ததும் அடுத்த வரி வந்துவிடுகிறது. வரவேண்டியதை ஓரத்தில் நாலு சொல்லில் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் மறந்துபோகும்.

எதிர்பாராத ஒன்று: பழைய அத்தியாயங்களைத் திருத்திக்கொண்டிருந்ததுதான் என் தள்ளிப்போடல். வேலை செய்வது போலவே இருக்கும். வரைவு முடியும்வரை அவற்றைத் திறக்கவேயில்லை.